கம்பியில்லாத் தந்தியும் கடல்மேல் சென்றோரும்

1909-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில், இயற்பியலுக்கான நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் இத்தாலியரான குல்யெல்மோ மார்க்கோனி. மற்றவர் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் பிரவுன். கம்பியில்லாத் தந்தியின் வளர்ச்சிக்கு அவர்கள் ஆற்றிய பணிக்காக இச்சிறப்பு வழங்கப்பட்டது. மார்க்கோனிக்கு அப்போது 35 வயது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். பிரவுன் 59 வயது நிரம்பிய பேராசிரியர். ஸ்டிராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து வந்தவர்.

இயற்பியல் பரிசு பெரும்பாலும் இயற்கையின் மறைபொருளைக் கண்டறிந்தோர்க்கே செல்லும். அந்த ஆண்டோ செய்தித் தொடர்புப் பொறியியலுக்குச் சென்றது. ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் எழுதிய உயிலில், மனித குலத்திற்கு மிகுந்த நன்மை விளைத்தோர்க்கே தம் செல்வத்தின் பயன் சேர வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தை அளவுகோலாகக் கொண்டால் ஒரு கேள்வி எழுகிறது. கம்பியில்லாத் தந்தியால் நன்மை பெற்ற மனித குலத்தில் யார் யார் அடங்குவர்? குளச்சல் கடற்கரையில் வாழும் மக்கள் இக்கேள்வியைக் கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. அதனை அறிய, அந்தப் பரிசின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

கண்ணுக்குப் புலப்படாத அலைகள்

மின்சாரமும் காந்தமும் இணைந்து அலைகளாக வெளியில் பரவ இயலும் என்பதை ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1860-களில் கணித வாயிலாக நிறுவினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் மின்பொறியை உண்டாக்கி, அதிலிருந்து புறப்படும் அலைகள் அறையின் மறுபுறத்தில் வேறொரு பொறியை எழுப்புவதைக் காட்டினார். அவர் 1894 ஜனவரி முதல் நாளில் தமது 36-ஆம் வயதில் இறந்தார். அந்த அலைகளுக்குப் பயன்பாடு உண்டு என்று அவர் கருதவில்லை.

ஹெர்ட்ஸைப் பற்றி வாசித்த இளைஞர் மார்க்கோனி, 1895-இல் போலோஞ்ஞா நகருக்கருகில் இருந்த தம் தந்தையின் மாளிகையில் சோதனைகளைத் தொடங்கினார். அனுப்பும் கருவியின் ஒரு முனையை நிலத்தோடும் மறுமுனையை உயர்ந்த கம்பத்தோடும் இணைத்தபோது அலைகள் நெடுந்தொலைவு சென்றன. குன்றுக்கு அப்பால் செய்தி சென்று சேர்ந்ததை அவருடைய தமையன் அல்ஃபோன்சோ துப்பாக்கி வெடித்து அறிவித்தார். 1896-இல் மார்க்கோனி இங்கிலாந்து சென்று காப்புரிமை கோரினார். 1901 டிசம்பர் 12-ஆம் நாள், இங்கிலாந்தின் போல்டு என்னும் ஊரிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த மூன்று புள்ளிகளை, நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் ஒன்றில் கட்டிய கம்பியின் உதவியால் தம் செவியாரக் கேட்டதாக அவர் அறிவித்தார்.

பிரவுனின் பங்கு அமைதியானது, ஆயினும் அடிப்படையானது. மார்க்கோனியின் தொடக்கக் கருவியில் பொறி எழும் இடம் வான்கம்பியோடு நேரே இணைந்திருந்தது. அதனால் அலை எழுந்த கணத்திலேயே தளர்ந்து மறைந்தது. பிரவுன் பொறி எழும் சுற்றைத் தனியே பிரித்து, தூண்டல் முறையால் அதனை வான்கம்பியோடு இணைத்தார். ஊஞ்சலை அதன் அசைவுக்கு இசையத் தள்ளினால் சிறிய விசையும் அதனை உயர ஆட்டுகிறதல்லவா? அதுபோல இரு சுற்றுகளும் ஒரே அதிர்வில் இசைந்தபோது, அலை வலிமையோடும் நீடித்தும் எழுந்தது. ஒரு நிலையத்தின் செய்தி மற்றொன்றின் செய்தியோடு கலவாமல் பிரித்துக் கேட்கவும் இது துணை செய்தது. பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் இதயமாக விளங்கிய கதிர்க்குழாயை 1897-இல் உருவாக்கியவரும் இவரே.

மேடைக்கு வெளியே நின்றவர்கள்

எந்தப் பரிசும் ஒரு சிலரையே மேடையேற்றும். அந்த மேடைக்கு வெளியே நின்றவர்களுள் மூவரை நாம் நினைவுகூர வேண்டும்.

முதலாமவர் உருசிய நாட்டு அலெக்சாந்தர் போப்பொவ். 1895 மே மாதத்தில் மின்னலின் அலைகளை உணரும் கருவியை அறிஞர் அவையில் காட்டியவர். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பின்லாந்து வளைகுடாவில் தரைதட்டிய போர்க்கப்பல் ஒன்றை மீட்கும் பணிக்காக, கோக்லாந்து தீவில் அவருடைய கம்பியில்லாத் தந்தி நிலையம் அமைக்கப்பட்டது. அவ்வேளையில் மீனவர் சிலர் பெரிய பனிப்பாளம் ஒன்றோடு நடுக்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். அச்செய்தி கம்பியில்லாத் தந்தி வழியே தீவுக்கு வந்தது; எர்மாக் என்னும் பனியுடைப்புக் கப்பல் விரைந்து சென்று அவர்களை மீட்டது. கம்பியில்லாத் தந்தியால் உயிர் பிழைத்தவர்களின் முதல் வரிசையில் மீனவர்கள் இருந்தனர் என்பதை மனத்தில் இருத்துவோம். போப்பொவ் 1906-இல் இறந்துவிட்டார். இறந்தவர்களைப் பரிசுக்குப் பரிந்துரைக்கும் வழக்கமும் இல்லை.

இரண்டாமவர் நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு யூஜின் லஃபோனிடம் இயற்பியல் பயின்றவர். செய்முறைகளைப் பொதுமக்கள் முன் நிகழ்த்திக் காட்டி அறிவியலில் ஆர்வம் ஊட்டிய அந்த ஆசிரியரின் பயிற்சி மாணவரிடம் நிலைத்தது. 1895-இல் போஸ் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் மின்காந்த அலைகளைச் சுவர்களைக் கடக்கச் செய்து, தொலைவில் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். பிறர் நீண்ட அலைகளை நாடியபோது அவர் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகளை ஆராய்ந்தார். 1899-இல் பாதரசத்தைக் கொண்டு அவர் அமைத்த அலையுணர் கருவி இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் கடந்த செய்தியைக் கேட்கப் பயன்படுத்திய பாதரசக் கருவி இதனை அடியொற்றியதே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

கண்டுபிடிப்பைக் காப்புரிமையாக்கிப் பொருளீட்டுவதில் போஸ் நாட்டம் கொள்ளவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் கோரிய ஓர் அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அதைக் கொண்டும் அவர் செல்வம் சேர்க்கவில்லை. 2012-இல் உலக மின்பொறியாளர் சங்கம் அவருடைய 1894-96 ஆண்டுகளின் சோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல் என அறிவித்தது. இதோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தபோது, அவருக்கு உறுதுணையாக நின்றவர் அதே லஃபோன் அடிகளார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டறிந்ததும், அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றதும் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்த பணியினாலேயே.

மூன்றாமவர் பிரேசில் நாட்டுக் கத்தோலிக்கக் குரு ரொபெர்த்தோ லாந்தெல் தெ மௌரா. உரோமையில் பயின்றவர். 1900 ஜூன் மாதத்தில் சான்பவுலோ நகரில், தந்திக் குறிகளுக்கு அப்பால், மனிதக் குரலையே கம்பியின்றிச் சில கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிக் காட்டினார். 1904-இல் அமெரிக்கா அவருக்கு மூன்று காப்புரிமைகளை வழங்கியது. சொந்த நாட்டிலோ ஆதரவு கிடைக்கவில்லை. பேயோடு உறவுடையவர் என்று கூடச் சிலர் அவரைத் தூற்றியதாகவும், அவருடைய கருவிகளை உடைத்ததாகவும் சொல்லப்படுகிறது. பங்குப் பணியிலேயே காலம் கழித்து 1928-இல் மறைந்தார்.

இவர்களை நினைப்பதால் மார்க்கோனியின் பெருமை குறைந்துவிடாது. சிதறிக் கிடந்த கண்டுபிடிப்புகளைத் திரட்டி, கப்பல்தோறும் கருவியும் அதை இயக்கும் ஆளும் நிறுத்தியவர் அவரே. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இலத்தீன் மொழியில் உலகத்தோடு உரையாடிய வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. அதே மனிதர் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்து அவ்வாட்சியின் உயர் பதவிகளை ஏற்றார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. பரிசு ஒரு பணியைப் போற்றுகிறது. வாழ்க்கை முழுவதற்கும் அது நற்சான்று ஆகிவிடாது.

கடல் தந்த சான்று

ஸ்டாக்ஹோமில் பரிசு வழங்கப்பட்ட அதே ஆண்டின் தொடக்கத்திலேயே கடல் தன் சான்றைக் கொடுத்துவிட்டது. 1909 ஜனவரி 23 அதிகாலை. அமெரிக்கக் கரைக்கு அப்பால் அடர்ந்த மூடுபனியில் ரிபப்ளிக் என்னும் பயணிகள் கப்பல்மீது ஃபுளோரிடா என்னும் கப்பல் மோதியது. பின்னதில் இத்தாலியின் மெசீனா நிலநடுக்கத்திற்குத் தப்பிப் புலம்பெயர்ந்த எளிய மக்கள் பலர் இருந்தனர். ரிபப்ளிக் கப்பலின் இயந்திர அறையில் நீர் புகுந்து மின்சாரம் நின்றது. தந்தி இயக்குநரான ஜாக் பின்ஸ் என்னும் இளைஞர், சிதைந்த அறையில், கடுங்குளிரில், சேமமின்கலத்தின் உதவியோடு மணிக்கணக்கில் அபாயக் குறியை அனுப்பிக்கொண்டே இருந்தார். பால்டிக் என்னும் கப்பல் மூடுபனிக்குள் தேடி வந்தது. மோதலில் மாண்ட ஒரு சிலர் தவிர, இரு கப்பல்களிலுமிருந்த ஏறத்தாழ 1500 பேர் உயிர் தப்பினர். மறுநாள் ரிபப்ளிக் மூழ்கியது.

மூன்றாண்டுகள் கழித்து 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது பாடத்தின் மறுபாதி வெளிப்பட்டது. அங்கும் கருவி இருந்தது. இயக்குநர் இருவரும் இறுதிவரை அபாயக் குறியை அனுப்பினர். அதிகத் தொலைவில் இல்லாத கலிஃபோர்னியன் என்னும் கப்பலிலும் கருவி இருந்தது. ஆயினும் அதன் ஒரே இயக்குநர் பணி முடிந்து உறங்கச் சென்றிருந்தார். கார்ப்பேத்தியா என்னும் மற்றொரு கப்பலின் இயக்குநர் உறங்கப் போகுமுன் தற்செயலாகக் கேட்க நேர்ந்தது. அதனாலேயே ஏறத்தாழ 700 பேர் பிழைத்தனர். 1500-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கூப்பிடும் வாய் இருந்தால் மட்டும் போதாது, கேட்கும் செவியும் விழித்திருக்க வேண்டும் என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

அதன் விளைவாக 1914 ஜனவரியில் இலண்டனில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கப்பல்களில் கம்பியில்லாத் தந்தியும், இடையறாது செவிமடுக்கும் காவலும் தேவை என்று அது வகுத்தது. முதல் உலகப் போரால் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை; எனினும் அதன் கொள்கை பின்வந்த உடன்படிக்கைகளில் வளர்ந்து, 1974-ஆம் ஆண்டின் உடன்படிக்கையாக இன்றும் நிலவுகிறது. ஆனால் அதன் பொதுவிதிகளிலிருந்து மீன்பிடிக் கலங்கள் விலக்கப்பட்டுள்ளன. மீன்பிடிக் கலங்களுக்கென 1977-இல் ஸ்பெயின் நாட்டின் டொர்ரெமொலினோஸில் உருவான உடன்படிக்கை, 24 மீட்டர் நீளத்திற்குக் குறையாத பெரிய கலங்களையே கருத்தில் கொண்டது. அதுவும் நடைமுறைக்கு வராமலே போயிற்று. 1900-இல் பனிப்பாளத்தில் தவித்த மீனவரைக் காத்த கருவி, சட்டமாக எழுதப்பட்டபோது மீனவரை மறந்துவிட்டது.

குளச்சலின் கேள்வி

குளச்சல் என்றதும் வரலாறு கற்றோர்க்கு நினைவுக்கு வருவது, 1741-இல் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை வென்ற போரும் அதன் நினைவுத் தூணும்தான். அத்தூணுக்கு அப்பால் விரியும் கடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. விண்மீன்களையும் நீரோட்டத்தையும் கரையில் தெரியும் மலை முகடுகளையும் அடையாளமாகக் கொண்டு கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்த மக்கள், விசைப்படகு வந்தபின் கரை மறையும் தொலைவுக்குச் சென்றனர். இன்று குமரிக் கடற்கரையின் ஆழ்கடல் மீனவர் பல நாள், பல வாரம் கடலிலேயே தங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வலை வீசுகின்றனர். கைபேசியின் அலை கரையிலிருந்து சில கிலோமீட்டர் வரையே எட்டும். படகிலுள்ள வயர்லெஸ் கருவியின் அலையோ நேர்கோட்டில் செல்வது; பூமியின் வளைவு அதைச் சில பத்துக் கிலோமீட்டர்களில் மறைத்துவிடும். அதற்கப்பால் ஒரு படகு மறு படகுக்குச் சொல்லி, அது இன்னொன்றுக்குச் சொல்லியே செய்தி நகர வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை சுமத்திரா அருகே நிலம் நடுங்கி, இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிந்த பின்னரே ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. அட்லாண்டிக் கடலைக் கண்ணிமைக்கும் பொழுதில் கடந்த செய்தியின் அலை, நூறாண்டுகளுக்குப் பின்னும் அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு வந்து சேரவில்லை. குளச்சலில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் குமரி முனைக்கருகில் உருக்கொண்டது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்கு எட்டியது. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. அவர்கள் கூப்பிட்ட குரலும் கரைக்கு வரவில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர் உயிரிழந்தனர். பலருடைய உடல்கூடத் திரும்பவில்லை. டிசம்பர் 7-ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கூடி அமர்ந்த மக்கள் கேட்டதன் சாரம், காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்பதே. ஜாக் பின்ஸ் அழைத்தபோது மூடுபனிக்குள் தேடி வந்த கப்பலைப் போன்ற ஒன்றையே அவர்களும் எதிர்நோக்கினர்.

இவ்வேதனையை மேலும் கனமாக்கும் செய்தி ஒன்று உண்டு. நம் கடற்கரையின் தொடர்ச்சியான தும்பாவில், 1960-களின் தொடக்கத்தில், விக்ரம் சாராபாய் முதலிய அறிவியலாளர் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் நாடினர். திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துரைக்க, மீனவ மக்கள் தங்கள் குடியிருப்புகளையும் புனித மகதலா மரியா ஆலயத்தையும் விட்டுக்கொடுத்தனர். அந்த ஆலயமே ராக்கெட் நிலையத்தின் முதல் அலுவலகமாயிற்று. அப்துல் கலாம் போன்ற இளம் பொறியாளர்கள் அங்குப் பணியாற்றினர். 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. மீனவர் விட்டுக்கொடுத்த மண்ணிலிருந்து எழுந்த விண்வெளி அறிவியல், வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் ஏழினை 2013 முதல் 2016 வரை விண்ணில் நிறுத்தி முடித்தது. அவை தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், அடுத்த ஆண்டு, மீனவரின் குரல் கேட்பாரின்றிப் போயிற்று.

ஒக்கிக்குப் பின் மாற்றங்கள் வந்தன. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் உருவாயின. 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. அது செய்தியைப் பெறும், திருப்பி அனுப்பாது. 2024-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், ஆபத்தில் இருப்பவர் அழைக்கவும், அழைப்பு கிடைத்தது என்ற மறுமொழியைப் பெறவும் வல்ல இரண்டாம் தலைமுறைக் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கடலோர மாநிலங்களின் ஒரு இலட்சம் மீன்பிடிக் கலங்களில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் நன்றியோடு வரவேற்கத்தக்கவை.

எனினும் டைட்டானிக்கின் பாடம் இன்னும் முடிந்துவிடவில்லை. கருவி படகில் இருந்தால் போதாது. அது பழுதின்றி இயங்க வேண்டும். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அதனை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். செய்தி தமிழில் வர வேண்டும். கரையில் இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்து கேட்க வேண்டும். கேட்டவுடன் தேடிப் புறப்படக் கலம் ஒன்று ஆயத்தமாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். கடலுக்குப் போகுமுன் கருவியைச் சோதிப்பதும், யார் எந்தப் படகில் எந்நாள் சென்றனர் என்ற பதிவைக் கரையில் வைத்திருப்பதும் நம் மீனவர் சங்கங்களும் பங்கு அமைப்புகளும் இன்றே செய்யக்கூடியவை. ஒக்கிக்குப் பின் காணாமற்போனோரின் பட்டியலைத் திரட்டுவதற்கே எத்துணை நாள்கள் சென்றன என்பதை இக்கரை மறந்திருக்க முடியாது.

1909-இல் மார்க்கோனியும் பிரவுனும் பெற்ற பரிசு, அறிவியல் மனித குலத்துக்கு அளித்த கொடையைப் போற்றியது. அக்கொடை பெரிய கப்பலின் பயணிக்கு அந்த ஆண்டே கிடைத்துவிட்டது. குளச்சல் துறையிலிருந்து அதிகாலையில் புறப்படும் சிறு வள்ளத்தில் இருப்பவனுக்கு அது நூறாண்டுகளுக்குப் பின்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவனும் அந்த மனித குலத்தில் ஒருவனே. அவன் கூப்பிடும்போது கரை கேட்கும் என்ற உறுதி அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கிடைக்கும் நாளில்தான், ஸ்டாக்ஹோமில் அன்று அளிக்கப்பட்ட பரிசின் பொருள் நம் கரையிலும் நிறைவுறும்.